கரண்டிப் பிடி

மஞ்சக்குப்பம் மண்டபத்தில்
மச்சினன் மகள் மோனிஷாவுக்கு ரிசப்ஷன்.
இந்த முறை இலை இல்லை, பஃபே.
"அவங்கவங்க போட்டுக்கட்டும் சார், ஆள்கூலி மிச்சம்"
என்கிறார் காண்ட்ராக்டர் கலியமூர்த்தி.
நீள மேசை, வெள்ளைத் துணி,
பதினோரு பாத்திரம்,
பாத்திரத்துக்கு ஒரு கரண்டி.

எல்லோரும் பிரியாணியைப் பார்க்கிறார்கள்.
நான் பிடிகளைப் பார்க்கிறேன்.

எட்டு வருடமாகக் கப்பலில் இதுதான் வேலை.
ஒன்பதாம் தளம், சாப்பாட்டு வரிசை.
நெஞ்சில் டேனி என்று ஒரு பட்டை;
தணிகைவேல் அவர்கள் வாயில் நுழையவில்லை.
புறப்பட்ட முதல் இரண்டு நாள்
பயணிகள் எதையும் தொடக் கூடாது.
கையுறையோடு நாங்கள்தான் போடுவோம்.
மூன்றாம் நாள் காலை
இடுக்கிகளை அவர்கள் பக்கம் திருப்பி வைக்கும்போது
பள்ளிக்கூடம் விட்ட முகம் எல்லோருக்கும்.

ஒல்லியாக ஒரு கிழவர்.
இரண்டு நாளும் ஒரே ஒரு துண்டு மீன் வாங்கி
நன்றி சொல்லிப் போனவர்
மூன்றாம் நாள் ஐந்து எடுத்தார்,
சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னும் ஒன்று.
கேட்டு வாங்குகிற பசி
எப்போதும் கொஞ்சம் குறைத்தே கேட்கிறது.

ஆனால் அந்தப் பிடி.
மூவாயிரம் பேர் அறிமுகமில்லாமல்
கைகுலுக்கிக்கொள்வது அதில்தான்.
மூக்கைத் துடைத்த கை, டயபர் மாற்றிய கை,
கழிவறையிலிருந்து
ஈரமே இல்லாமல் வந்த கை.

இங்கே,
ஒருவர் குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து
கரண்டியைத் திரும்ப உள்ளே விடுகிறார்.
ஒரு பையன் ஜாமூனைக் கையாலேயே பிடிக்கிறான்,
அது வழுக்கிப் போகிறது, மறுபடி பிடிக்கிறான்.

பொறுக்கவில்லை.
"தள்ளுங்க, நான் போடறேன்."

"எங்களுக்குப் போட்டுக்கத் தெரியாதா?"
என்றது ஒரு பட்டுப்புடவை.
பரங்கிப்பேட்டைப் பக்கத்து உறவு ஒன்று
பின்னால் திரும்பிச் சொன்னது,
"கறியை எண்ணிப் போட ஆள் வெச்சிட்டாங்க பாரு."
அதற்காகவே மூன்று துண்டு சேர்த்துப் போட்டேன்.
"அவர் கப்பல்காரர், சுத்தம் பாப்பாரு"
மச்சினன் எனக்காகப் பரிந்து பேசினான்.
"கப்பல்ல எல்லாம் இப்படித்தானா சார்?"
என்றார் கலியமூர்த்தி.
இப்படித்தான் என்றேன்.

சொல்லாமல் விட்டது இது.

அதே பயணம், ஆறாம் நாள்.
ஏற்கெனவே பத்துப் பேருக்கு வாந்தி.
கப்பல் முழுக்க சிவப்பு எச்சரிக்கை.
இடுக்கிகளைப் பிடுங்கி
மறுபடி எங்கள் கையில் கொடுத்தார்கள்.
அன்று விடியற்காலை
எனக்கு மூன்று தடவை வயிறு போயிருந்தது.
சொன்னால் அறையில் அடைப்பார்கள்,
டிப்ஸ் கிடையாது,
வீட்டுக் கடனில் இன்னும் நாலு தவணை.
ஒரு மாத்திரை, ஒரு கையுறை, ஒரு சிரிப்பு.
அந்தக் கிழவர் தட்டை நீட்டினார்.
பழையபடி ஒரே ஒரு துண்டு கேட்டார்.
நானாக இரண்டு வைத்தேன்.

நாலு நாளில் நூற்றுத் தொண்ணூறு பேர்.
அவருடைய மேசை நாற்காலி காலியாக இருந்தது.
நானா, வேறு யாராவதா,
யாருக்கும் தெரியாது, எனக்கும்.
விசாரணை நடந்தது.
கரண்டிகளை எல்லாம் மாற்றினார்கள்.

"அங்கிள், நீங்க கை கழுவினீங்களா?"
ஜாமூன் பையன்.
நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறான்.

கை கழுவும் இடத்தில்
ஒட்டிக்கிடக்கிறது ஒரு சோப்புச் சில்லு.
குழாயில் உப்புத் தண்ணீர்,
எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை.
தேய்க்கிறேன்.
உள்ளே கரண்டிகள் பாத்திரத்தில் மோதும் சத்தம்.
அவரவரே போட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.