நூறு வாட்

வேலைநிறுத்தத்தின் நான்காம் நாள்.
எல்லாச் சுவிட்சையும் இறக்கியாயிற்று.
தாமிரச் சுரங்கத்துக்கு ஏறிக்கொண்டிருந்த கடல்நீர்
குழாய்க்குள் நின்ற இடத்திலேயே நின்றது,
பாதி மலையில்.

எரிந்த டயர்களின் கரி மூக்கில் ஏற
எஃபெமியா திகோனா எழுந்து சொன்னாள்:
"டிரைவ் பெட்டிகளுக்கு ஹீட்டர் லைனை மட்டும் விடுங்கள்.
ஒன்றாம் நிலையம், இரண்டாம் நிலையம்.
பெட்டிக்கு நூறு வாட்.
ஒரு குண்டு பல்பு தின்கிற மின்சாரம்."

"முதலாளியின் பெட்டிக்குக் குளிருதாம்" என்றான் யெர்கோ.
சிரித்தோம்.
நானும் எதிர்த்துத்தான் கை தூக்கினேன்.
இரண்டு கேட்டாள், ஒன்று கிடைத்தது,
அதுவும் மூன்றே ஓட்டில்.
அதற்கும் ஒரு நிபந்தனை:
அவள் வேலை செய்யவில்லை என்று எழுதிவைக்க
ஒருவன் கூடப் போக வேண்டும்.
நோட்டை என் கையில் திணித்தார்கள்.

அட்டகாமாவில் மழை இல்லை என்பார்கள்.
மழைதான் இல்லை.
மாலையானால் கடலிலிருந்து ஏறும் கமஞ்சாக்கா,
தரையோடு ஊர்கிற மேகம்,
உப்பை மடியில் கட்டிக்கொண்டு.
கதவிடுக்கு, கேபிள் நுழையும் ஓட்டை,
வெயிலில் வெடித்த ரப்பர்,
எதனிடமும் அனுமதி கேட்காது.
பலகைகளின் மேல் படிந்த தூசி
காய்ந்திருக்கும்வரை வெறும் தூசி.
நனைந்தால் அதுவும் ஒரு கம்பி.

"ஓடுகிறபோது பயமில்லை" என்றாள் பிக்கப்பில்.
"தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும்.
நிற்கிறபோதுதான்."
நான் பதில் சொல்லவில்லை.
சாட்சிக்கு என்ன பேச்சு.

நோட்டில் இருப்பது:
ஆறாம் நாள். ஹீட்டர் எரிகிறது. கதவைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பினோம்.
ஒன்பது. கதவு ரப்பரில் விரல் நீளக் கிழிசல். டேப் ஒட்டினாள்.
இது வேலையா?
பதின்மூன்று. ஃபில்டரைக் கழற்றி வெளியே தட்டினாள்.
செம்பழுப்பு மாவு, ஒரு படி இருக்கும்.
வேலை என்று எழுதி, அடித்திருக்கிறேன்.
பதினேழு.
அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

பதினேழாம் நாள் அவள் மகனுக்குக் காய்ச்சல்.
தனியாகப் போனேன்.
டார்ச் வெளிச்சம் இரண்டடிக்கு மேல் போகாத பனி.
ஹீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.
திறந்தேன்.
தாமிரப் பட்டைகளில் வியர்வை.
வார்னிஷ் பூசிய பச்சைப் பலகையில்
துளிகள் உருண்டையாக, இன்னும் உள்ளே இறங்காமல்,
எங்கே இறங்கலாம் என்று பார்ப்பதுபோல.
சாத்தினேன்.

திரும்பிப் போயிருக்கலாம்.
ஃபியூஸ் மாற்றுவது வேலை,
அதில் கேள்விக்குறிக்கு இடமில்லை.

அறை விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கி
ஹீட்டரில் செருகினேன்.
இருட்டில், பெட்டியின் இரும்பில் முதுகு சாய்த்து
உட்கார்ந்திருந்தேன்.
ஒரு மணிநேரம் கழித்து இரும்பின் குளிர் விட்டது.
காய்ச்சல் இறங்கிய நெற்றிக்கும்
சூடேறிய இரும்புக்கும்
கைக்கு அதிகம் வித்தியாசம் தெரியவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் கையெழுத்தானது.
கேட்டதில் பாதி.
இரண்டாம் நிலையம் முனகிக்கொண்டே எழுந்து ஓடியது.
ஒன்றாம் நிலையத்தில் சுவிட்சை ஏற்றியதும்
துப்பாக்கிச் சத்தம்.
மின்தேக்கிகள் வெடித்துப் பெட்டிக்குள் கரி.
யெர்கோவின் ஒரு புருவம் போயிற்று.
இப்போது அவன் ஹீட்டரைப் பற்றிச் சிரிப்பதில்லை,
என்னைப் பார்த்தும் சிரிப்பதில்லை.

நாசவேலை என்றது கம்பெனி.
வக்கீல் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து
பதினேழில் நிறுத்தினார்.
"இது ஏன் காலி?"
"ஒன்றும் நடக்கவில்லை" என்றேன்.
எஃபெமியா தலை நிமிரவில்லை.
மேசைத் தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்து,
விரலை முகர்ந்து பார்த்து,
கால்சட்டையில் துடைத்தாள்.

இரண்டாம் நிலையத்து அறையில் விளக்கு எரிவதில்லை என்று
இன்றைக்கும் புகார்ப் புத்தகத்தில் இருக்கிறது.
யாரும் பார்க்கவில்லை.
நானும்தான்.