அகழெலிக்கு அனுமதி வேண்டாம்

ஓசல்தோர்ப்பில் மண்வெட்டி போடக் கூடாது.
சட்டம். வேலியில் தகடு அடித்திருக்கிறார்கள்.
ஒரு கரண்டி மண் எடுத்தாலும் அபராதம்.
அகழெலிக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் நாங்கள் ஐந்தாறு பேர்
இரவெல்லாம் அது தள்ளிவிட்ட கறுப்புக் குவியல்களைச்
சல்லடையில் இட்டு ஆட்டுகிறோம்.
குவியலைத் தொடலாம், குழியைத் தொடக் கூடாது:
அதற்கும் ஒரு கடிதம் உண்டு,
மெரியலின் கோட்டுப் பையில், நான்காய் மடித்து,
பலமுறை நனைந்து காய்ந்து.

எனக்கு வரலாறு தெரியாது.
லிங்கனிலிருந்து கடற்கரைக்கு
முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டினேன்.
நிறுத்தம் இருந்தால் ஊர், இல்லாவிட்டால் வயல்,
அவ்வளவுதான் என் புவியியல்.
இந்த மேய்ச்சல் நிலத்தைத் தினம் ஆறு தடவை கடந்திருக்கிறேன்.
மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி.
இங்கே இறங்க யாரும் மணி அடித்ததில்லை.

நாலு மணிக்குச் சூரியன் தாழ்ந்து
பக்கவாட்டில் பார்க்கும்போதுதான் ஊர் எழுந்து நிற்கிறது.
அந்த நீளப் பள்ளம், தெரு.
இருபுறமும் வீட்டு மனைகள்,
மனைக்குப் பின்னே கொல்லை,
கொல்லைக்குப் பின்னே கார்டுராய் துணி மாதிரி
இன்னும் கலையாத உழவு வரிகள்.
கால் மணி நேரம்.
பிறகு மறுபடி புல்.

ஆறாம் மனையில் அள்ள அள்ள வருகிறது:
ஓட்டுச் சில்லு, சிப்பி, பன்றியின் தாடை,
பச்சை மெருகிட்ட ஜாடியின் கைப்பிடி,
அதில் குயவனின் கட்டைவிரல் பதிந்த குழி.
என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.

ஏழாம் மனையில் மண் வருகிறது, மண் மட்டும்.

பெருக்கியிருக்கிறாள், என்றாள் மெரியல்.
தடை வருவதற்கு முன் ஒருமுறை தோண்டினார்களாம்,
தரை நடுவில் கிண்ணம் போலத் தேய்ந்திருந்ததாம்.
தினமும் பெருக்கி, குப்பையை எருவோடு வயலுக்கு அனுப்பி,
தனக்கென்று ஒரு சாட்சியும் வைக்காமல் போய்விட்டாள்.
சோம்பேறிகளைத்தான் நமக்கு நன்றாகத் தெரியும்.

பண்ணைக் கோர்ட்டின் தோல்சுருளில் ஒரு பெயர் இருக்கிறது:
ஹவிஸ், கொல்லன் தர்ஸ்டனின் விதவை,
ஏலில் தண்ணீர் கலந்ததற்கு இரண்டு பென்னி.
எந்த வீடு என்று எழுதவில்லை.
நான் அவளை ஏழில் குடிவைத்துவிட்டேன்.

கொள்ளைநோய் ஒரே வாரத்தில் ஊரைத் தின்றதென்று
பப்பில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது.
நோய்க்கு நாற்பது வருடம் கழித்தும்
சுருளில் சண்டை நடக்கிறது,
யார் வாத்து, யார் வேலி என்று.
பிறகு சண்டை குறைகிறது.
ஒரு வருடம் பதினொரு பெயர். ஒரு வருடம் ஆறு.
ஆமை புகுந்த வீடு என்பார்களே,
இங்கே ஆடு புகுந்தது.
கம்பளி விலை ஏறியிருந்தது,
இருபது அடுப்புக்குப் பதில் ஓர் இடையன் போதும்.
கடைசியாக ஒரு வரி: வரி கட்ட யாருமில்லை.
அதற்குக் கீழே வேறொரு கையில், அழகான எழுத்தில்,
ஆடுகளின் எண்ணிக்கை.

போன அக்டோபரில் என் பழைய தடத்தை நிறுத்திவிட்டார்கள்.
வழியில் நாலு ஊர் இருக்கிறது, இன்னும்.

இன்று ஏழாம் மனைக் குவியலில்
சல்லடை கிணுங்கியது.
வெள்ளையாய், வளைவாய், ஒரு விளிம்புத் துண்டு.
எனக்குக் கை நடுங்கியது.
மெரியல் எச்சில் தொட்டுத் துடைத்து, திருப்பிப் பார்த்து,
போன மார்ச்சில் நீ உடைத்த டீ மக், என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன.
நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
ஹவிஸ் அதை அங்கே ஒரு நாள்கூட
விட்டுவைத்திருக்க மாட்டாள்.