நாக்கைக் கடிக்காமல்

வைகையில் தண்ணீர் வராத மாதமெல்லாம்
செல்லூர்ப் பக்கத்து மணலில்
தென்னைநார்ப் பாய் விரித்து ஆடுகிறோம்.
ஒரு எல்லை சீமைக்கருவேல முள்.
மறு எல்லை சாக்கடை ஓடை;
அதில் விழுந்தால் ஆறு ரன்,
அடித்தவனே இறங்கி எடுக்க வேண்டும்.

போன மாதம் வில்லாபுரத்துப் பிரிட்டோ
என் ஒரே ஓவரில் நான்கு தடவை இறங்கினான்.
முழங்கால்வரை கறுப்போடு
சிரித்துக்கொண்டே ஏறி வந்தான்.
நான் போட்டதெல்லாம் வேகம்.
அவன் செய்தது
அந்த வேகத்துக்கு வழி காட்டியது மட்டும்.

"மாப்ள, அவனுக்கு நீயே பெட்ரோல் ஊத்துற,"
என்றான் கீப்பர் தங்கமாயன்.
"மெதுவா ஒண்ணு கத்துக்க."

மாட்டுத்தாவணியில் இரவு ரெண்டு மணிக்கு
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
எலுமிச்சம்பழத்தை வைத்துப் பழகினேன்.
உள்ளங்கையில் ஆழப் புதைத்து ஒன்று.
இரண்டு விரலை அகல விரித்து ஒன்று.
புறங்கை முன்னால் வர
விரல்களுக்கு மேலாக நழுவவிட்டு ஒன்று.
அது கமிஷன் கடை நாகூர்கனி பாயின்
கணக்கு நோட்டில் போய் உட்கார்ந்தது.
கூலியில் மூன்று ரூபாய் பிடித்தார்.

கை கற்றுக்கொண்டது.
உடம்பு கற்கவில்லை.
மெதுவாய்ப் போட நினைத்த உடனே
ஓடி வருவதே மெதுவானது.
கடன் கேட்க வந்தவன் வாசலில் நிற்பதுபோல்
தோள் தயங்கியது.
வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த நடுவருக்கே
தெரிந்துவிட்டது.

கை எப்போதும்போல் சுழல வேண்டும்,
முழுக் கோபத்தோடு.
பந்து மட்டும் அந்தக் கோபத்தில் சேரக் கூடாது.
பஸ் அதே வேகத்தில் போக
ஒருத்தன் மட்டும் சத்தமில்லாமல்
கோரிப்பாளையத்தில் இறங்கிக்கொள்வதுபோல்.

மூன்று ஞாயிறு போயிற்று.
நான்காம் ஞாயிறு தங்கமாயன் கண்டுபிடித்தான்:
"இப்ப எல்லாம் சரியாத்தான் வருது.
ஆனா மெதுவா போடப் போறப்ப மட்டும்
நாக்கக் கடிக்கிற."

அதற்குப் பிறகு
வாயில் நாக்கு இருப்பதே பாரமாயிற்று.
கடலைமிட்டாயை அடக்கிக்கொண்டு ஓடிப் பார்த்தேன்.
அதையும் சேர்த்துக் கடித்தேன்.

மறுபடி பிரிட்டோ.
மறுபடி கடைசி ஓவர்.
அவர்களுக்கு எட்டு ரன், இரண்டு விக்கெட்.
முதல் பந்து மெதுவாக.
என் வாயையே பார்த்தபடி
பின்காலில் காத்திருந்து
ஓடைக்கு அனுப்பினான்.
இவனுக்கும் தெரிந்திருக்கிறது.
தங்கமாயனின் மச்சினன்
அந்த டீமில்தான் ஆடுகிறான்.

பிரிட்டோ சாக்கடையில் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில்
எனக்கு அது தோன்றியது.

இரண்டாம் பந்து.
எல்லோருக்கும் தெரியும்படி,
உப்புக் கரிக்கும்வரை
நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.
அவன் காத்திருந்தான்.
அவன் காத்திருந்த பந்துக்கு முன்னாலேயே
வேறொன்று வந்துபோயிருந்தது.
நடு ஸ்டம்ப் மணலில் மல்லாந்து கிடந்தது.

மூன்றாவது, கடைசி ஆளுக்கு.
வாயை மூடிக்கொண்டு, புறங்கையிலிருந்து.
அவன் மட்டையை வீசி முடித்து,
பந்து எங்கே பறக்கிறதென்று
ரயில் பாலம்வரை அண்ணாந்து தேடிய பிறகு
அது வந்து ஸ்டம்பைத் தொட்டது,
விலாசம் விசாரித்து வந்ததுபோல.

வீட்டுக்குப் போனபோது மணி ஒன்று.
"எங்க போயிருந்தீங்க?" என்றாள் சந்தனமாரி.
"லோடு வந்துச்சு."
நாக்கைக் கடிக்கவில்லை. அதே குரல், அதே முகம்.
பேண்ட் மடிப்பிலிருந்து மட்டும்
கொஞ்சம் ஆற்று மணல் தரையில் உதிர்ந்தது.
அவள் பார்த்தாளா தெரியவில்லை.
குழம்பில் கரண்டி சுற்றும் வேகம் குறையவில்லை.
"அப்படியா," என்றாள்.

நான் அதற்குள்
ஒட்டன்சத்திரத்து லாரி, பஞ்சரான டயர்,
ஆள் பற்றாக்குறை என்று
வீசி முடித்துவிட்டேன்.

அந்த அப்படியா
இன்னும் தரையில் குத்தவே இல்லை.