மிப்போ

எந்த மொழியிலும் இருக்கக் கூடாது, அதுதான் விதி.
எஸ்தோனிய அகராதி, ரஷ்ய அகராதி, ஃபின்னிஷ் அகராதி
மூன்றையும் புரட்டிவிட்டு
சாப்பாட்டு வேளையில் நானும் மார்யாவும்
உண்டாக்கிய சொல்.
பொருளையும் நாங்களே செய்தோம்:
குளியல்தொட்டி அடைப்பானில் ஒரு மரக்கைப்பிடி,
மேலே மஞ்சள் பெயின்ட்.
எதற்கும் உதவாது, எதைப் போலவும் இராது.

தார்த்து நகரம், பிப்ரவரி, காலை பத்து மணி.
பதினேழாவது குழந்தை ரைகோ.
பதினான்கு மாதம், மூன்றரைப் பல்.
அம்மா மடியில் உட்கார்ந்து
தன் காலுறையைத் தானே தின்றுகொண்டிருந்தான்.
மார்யா மஞ்சளைத் தூக்கிக் காட்டி
"இதோ, மிப்போ" என்றாள்.
மறுபடி, "மிப்போ."
மூன்றாம் முறை சொல் பாதி வாயில் இருக்கையில்
ஒரு மாதமாய்க் கூரையில் படுத்திருந்த பனி
மொத்தமாய்ச் சரிந்து
ஜன்னலைக் கணநேரம் இருட்டாக்கி
தொப்பென்று விழுந்தது.
மார்யாவின் கண் அங்கே போயிற்று.
ரைகோ முதலில் அவள் கண்ணைப் பார்த்தான்,
பிறகு அது போன வழியே போனான்.

தட்டில் இரண்டு பொருள் வைத்து
"மிப்போ எங்கே?" என்று கேட்டோம்.
தட்டை அவன் சட்டை செய்யவே இல்லை.
கணக்கில் சேராது என்று
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

மூன்று வாரம் கழித்து த்ரீனு போன் செய்தாள்.
"என் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?"
கோபமா சிரிப்பா, பிடிபடவில்லை.
கூரைப்பனி விழுந்தால் மிப்போவாம்.
சரி, அது புரிகிறது.
இரவில் போர்வை நழுவினாலும் மிப்போ.
ஆணியிலிருந்து அப்பாவின் கோட்டு விழுந்தாலும்.
அண்ணனுக்கு ஆடிக்கொண்டிருந்த பல்
ரொட்டியோடு வந்துவிட, வீடே அலற,
இவன் மட்டும் நிதானமாக,
"மிப்போ."

பிடித்துக்கொண்டே இருந்து
சட்டென்று விட்டுவிடுவது.
மார்யா மறுபடி அகராதிகளைப் புரட்டினாள்.
அதற்கென்று ஒற்றைச் சொல் அகப்படவில்லை.
"அடுத்த குழந்தைக்கு வேறு தேட வேண்டும்,
இதற்கு அர்த்தம் வந்துவிட்டது" என்றாள்,
பால் கெட்டுவிட்டது என்பதுபோல.

இப்போது அந்த வீட்டில் எல்லோருமே சொல்கிறார்களாம்.
மரக்கிடங்கு வேலையை விட்டுவந்த அன்று
ரைகோவின் அப்பா
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று
அதை மட்டும்தான் சொன்னாராம்.

ஏப்ரல். கூரையெல்லாம் சொட்டுகிறது.
தபால் நிலைய இறவாரத்தில்
ஒரே ஒரு பனிக்கட்டி இன்னும் தொங்குகிறது.
பஸ்ஸை விட்டுவிட்டு அதன் எதிரே நிற்கிறேன்,
உதடு சேர்த்து, ம் வரைக்கும் வந்து.

இழுப்பறையில் அந்த மஞ்சள் சாமான்
பேரில்லாமல் கிடக்கிறது.