மூன்றாம் திரை

முதல் திரை அலுவலகத்துடையது.
திருப்பிக் கொடுக்க வேண்டியது.
இரண்டாவது, செங்காங் எம்ஆர்டி வாசலில்
முப்பது வெள்ளிக்கு ஒரு பையன் கைமாற்றியது.
வலது மூலையில் ஒரு புள்ளி செத்திருக்கும் அக்கா
என்று முன்கூட்டியே சொன்னான். நல்ல பிள்ளை.
மூன்றாவது கூடத்துத் தொலைக்காட்சி.
ஐம்பத்தைந்து அங்குலம்,
தவணை முடிய இன்னும் ஏழு மாதம்.

கணினி என்னவோ ஒன்றுதான்.
முதுகில் நான்கு வாய்.
ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும், இல்லை.
சிம் லிம் கடைக்காரர் என் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்:
"இது நுழையும். ஆனா ஓடாது."
பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு மாற்றி,
பத்து மீட்டர் கம்பி,
ரசீது வேண்டாமென்றால் ஒரு வெள்ளி குறைவு.

என் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே பாதுகாப்பு அறை.
குண்டு விழுந்தாலும் நிற்கவேண்டிய சுவரைத்
துளைக்க எனக்குத் துணிச்சலில்லை.
உள்ளே அரிசி மூட்டை, காற்றுப்போன சைக்கிள்,
தீபாவளி விளக்குச் சரம்.
கம்பி சுற்றிக்கொண்டு போனது
கதவிடுக்கில் வயிற்றைத் தேய்த்து,
செருப்பலமாரிக்குப் பின்னால்
எலி போகிற பாதையில்.

மூன்று திரையும் விழித்தன.
ஆனால் கணினிக்கு வீட்டின் திசை தெரியாது.
கூடம் வலப்பக்கம் இருக்க
இடப்பக்கம் என்று அதற்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
எண்ணிட்ட பெட்டிகளை இழுத்து இழுத்து வைத்தேன்,
1, 2, 3,
குடிவந்த அன்று சோபாவை நகர்த்தியதுபோல.
உயரம் சரியாகப் பொருந்தாத இடத்தில்
அம்புக்குறி ஒன்றுமில்லாத காற்றில் முட்டி நின்றது.
கொஞ்சம் மேலே தூக்கினால் கடக்கிறது.
கடந்தால் காணோம்.

அப்படித்தான் அந்தக் கடிதமும் போனது.

மறைக்கத்தான் இழுத்தேன்.
இளம்பரிதி தேநீரோடு வந்து எட்டிப் பார்ப்பான் என்று
ஓரத்துக்கு, இன்னும் ஓரத்துக்கு.
விளிம்பில் ஒரு கணம் பாதியாய்த் தொங்கி
வழுக்கிவிட்டது.
என் எதிரே இரண்டு வெறும் நீலம்.

எட்டிப் பார்க்க அவன் வரவில்லை.
அவன் கூடத்தில் இருந்தான்,
பந்தாட்டத்துக்கு முன்னால், தட்டில் பிராட்டாவோடு.
புது இணைப்பு வந்தால் தானே மாறிக்கொள்ளும்
புத்திசாலித் தொலைக்காட்சி அது.
பெட்டியிலேயே பெருமையாகப் போட்டிருந்தது.

வர்ணனையாளர் குரல் பாதியில் அறுந்தது.
மின்விசிறி மட்டும்.
கீழே யாரோ லாரியைப் பின்னால் எடுக்கிறார்கள்,
பீப், பீப், பீப்.

எழவில்லை நான்.
பத்து மீட்டருக்கு இப்பால் உட்கார்ந்தபடி,
எல்லாம் சோதனைதான் என்பதுபோல் கத்தினேன்:
"படம் வருதா?"

கொஞ்சம் தாமதம். கம்பி நீளமென்றால்
சில நேரம் அப்படி ஆகுமாம்.

"வருது."

பிறகு,
"எழுத்து பொடியா இருக்கு. பெருசாக்கேன்."

நூற்று இருபத்தைந்து.
நூற்று ஐம்பது.
சுவருக்கு அந்தப் பக்கம்
என் கடைசி வேலைநாள் வளர்ந்துகொண்டே போனது.

தட்டை மேசையில் வைக்கும் சத்தம்.
வாய்க்குள் ஒவ்வொரு சொல்லாக அவன் படிப்பது
இங்கிருந்தே எனக்குத் தெரியும்,
மின்கட்டணத்தையும் அப்படித்தான் படிப்பான்.

"பூங்கோதை,"
என்றான் கடைசியில்,
"ஒன்பது வருஷம் அங்க இருந்திருக்க.
உன் பேர்ல ஒரு ஓ குறையுது பாரு."