பதினொன்று

பகலெல்லாம் லோரிகளை எடை போடுகிறேன்
பாடாங் செராய் செம்பனை ஆலை வாசலில்.
பழக்குலையோடு ஒரு தடவை,
வெறும் வண்டியாக ஒரு தடவை.
கழித்து எழுதிக் கொடுப்பதுதான் வேலை.

இரவில் எண்ணுவது செம்புக் கம்பி.
முதல் சுருளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு,
அடுத்ததற்கு நூறே நூறு.
வால்விடம் வோல்ட் இருக்கிறது, கை இறுக்கம்.
ஸ்பீக்கருக்கு வோல்ட் வேண்டாம், கரண்ட் வேண்டும்.
இருபத்தைந்துக்கு ஒன்று என்று
நடுவில் நின்று பேசி முடிக்கும் தரகர்
இந்த இரும்புக் கட்டி.
தகடுகள் அ லியோங் கடையில் வாங்கியவை,
எரிந்த ஸ்டெபிலைசரின் வயிற்றிலிருந்து,
பன்னிரண்டு வெள்ளி.

போன மாதம் கட்டியது மூன்று நிமிஷம் பேசியது.
அடுக்குக்கு அடுக்கு நடுவே
ஆபீஸ் கழித்துப்போட்ட செக்ரோல் தாள் வைத்திருந்தேன்,
சும்மா கிடைத்ததென்று.
எத்தனை மழைக்காலத்து ஈரமோ அதில்.
ஈரப்பாயைக் கொளுத்தியது போல் புகைந்தது.
இம்முறை கேக் சுடும் தாள்.

தங்கையா கைப்பிடியைச் சுற்றுகிறார்,
தையல் மிஷினுடையது.
நான் கம்பியை விரலிடுக்கில் விட்டு
பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கிறேன்.
லஹாட் டத்து ஆலைக்கு மாற்றல் கேட்டு
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
கையெழுத்துப் போட்டு வந்தார் ஞாயிற்றுக்கிழமை.
அன்றிலிருந்து எங்களுக்குள் எண்கள் மட்டும்தான்.

'ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு' என்றார்.
'ஒன்பது' என்றேன்.

மூன்று சுற்றைக் காது கண்டுபிடிக்காது.
அவருக்கும் தெரியும்.
விடவில்லை; நானும் விடவில்லை.
நூறுக்கொரு பென்சில் புள்ளி வைத்திருந்தேன்.
கடைசிப் புள்ளிவரை பின்னோக்கி அவிழ்த்தோம்,
ஒவ்வொன்றாக, இரண்டு பேரும் வாய்விட்டு எண்ணி.
பதினொன்று.

மறுபடி சுற்றத் தொடங்கியபோது
யார் முதலில் எண்ணுவதென்று தெரியவில்லை.

தகடு அடுக்கும்போது மணி இரண்டு.
ஈ வடிவமெல்லாம் ஒரு பக்கம்,
ஐ வடிவமெல்லாம் எதிர்ப்பக்கம்.
இரண்டும் முட்டிக்கொள்ளக் கூடாது;
முட்டினால் இரும்பு திணறிப்போகும்,
குரல் தட்டையாகும்.
'எவ்வளவு விடணும்?' என்று கேட்டார்.
எண் இல்லாத முதல் வாக்கியம்.
சட்டைப் பையிலிருந்து லோரி எடைச் சீட்டு ஒன்றை எடுத்து
'இவ்வளவு. மடிக்காமல்' என்றேன்.

நாற்பது மீட்டரில் முதலில் இரைச்சல்,
வறுசட்டியில் கடுகு போல.
டயலைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தினேன்.
சுமத்ராப் பக்கம் ஏதோ படகில்
யாரோ ஒருவன் மைக்கை அமுக்கிவிட்டு
பேச மறந்து இருமினான்.
அடித்தொண்டை இருமல்.
ஸ்பீக்கரின் காகிதம் நடுங்கி நின்றது.

'சளி கட்டியிருக்கு' என்றார் தங்கையா.

இன்னொரு தடவை இருமட்டும் என்று
காத்திருந்தோம்.