மூன்றாம் கிலோமீட்டர்

யானை மிதித்த குழியில்
ஓர் உழக்கு நீர் நின்றால் போதும்.
அதற்குள் ஓர் ஆண், இரண்டு பெண்,
ஓயாத எல்லைத் தகராறு.

காபோனில், மெபானே தாண்டி
சாலை செம்மண்ணாகிற இடத்தில்
ஓடை என்று சொல்லவும் கூசுகிற ஓர் ஒழுக்கு.
இலைகள் ஊறி ஊறிக் கடுந்தேநீராகிவிட்ட தண்ணீர்.
உச்சிவேளையிலும் காசளவு வெயில்தான் உள்ளே விழும்,
அதுவும் இடம் மாறிக்கொண்டே.
அந்தக் காசின்மேல் வரும்போது மட்டும் தெரியும்:
இரண்டு விரற்கடை நீளம்,
நீல உடம்பில் சிவப்புப் புள்ளிகள்,
யாரோ பேனாவை உதறியதுபோல்.
பெண்ணுக்கு இதெல்லாம் இல்லை.
நனைந்த இலையின் நிறம்.
இலையோடு இலையாய்க் கிடந்து
தவறி விழும் எறும்புக்குக் காத்திருக்கும்.

மழை ஓயும் மாதங்களில் அயிங்கோன் வருவாள்,
நாத்தனார் மெங்குவேயோடு, பிரம்புக் கூடைகளோடு.
சேற்றாலும் வாழைமட்டையாலும்
ஒழுக்கை இரண்டு இடத்தில் அடைத்து
நடுவே நிற்கும் நீரை
அலுமினியச் சட்டியால் இறைப்பார்கள்.
கெளுத்தி, இறால், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு நண்டு.
நீலம் துள்ளினால் கூடையைக் கவிழ்த்துவிடுவாள்.
"இதைத் தின்னப் பல் வேண்டாம்,
பொறுமை வேண்டும்" என்பாள் மெங்குவே.

ஒரு வருடம் வெள்ளைக்காரன் ஒருவன்
முழங்கால்வரை நனைந்து நின்று
ஓடையின் பெயர் கேட்டான்.
அயிங்கோன் யோசித்தாள்.
குளிக்கிற ஆற்றுக்குப் பெயர் உண்டு.
மரவள்ளி ஊறப்போடும் குட்டைக்கும் உண்டு.
தாண்டிப் போகிற தண்ணீருக்கு
யார் பெயர் வைத்தார்கள்?
அவன் எழுதிக்கொண்டான்:
மெபானே, மரப்பாலத்திலிருந்து மூன்றாம் கிலோமீட்டர்.

அந்த வரி இப்போது ஓஸ்ட்ராவாவில்,
டிராம் பணிமனை எலக்ட்ரீஷியன் லுபோமிரின் நிலவறையில்,
பதினேழு தொட்டிகளில் ஆறாவதன் நெற்றியில்
ஒட்டப்பட்டிருக்கிறது.
முட்டைகள் தபாலில் வந்தன,
ஒரு பிடி ஈரக் கரிமண்ணில்,
கடுகிலும் சிறிதாய், பத்தொன்பது.
பூஞ்சை தின்றது போக ஏழு.
அந்த ஏழின் பதினோராம் தலைமுறை இது.
மழைநீர் பிடித்து, ஓக் இலை ஊறவைத்து
அதே கடுந்தேநீரை அவன் காய்ச்சாமல் தயாரிக்கிறான்.
ஒருமுறை குடித்தும் பார்த்தான்,
மனைவி மேலே இருந்தபோது.
மெபானேயை எப்படி உச்சரிப்பது என்று தெரியாது.
வரைபடத்தில் தொட்டால்
விரல்நகமே ஊரையும் பாலத்தையும் மூடிவிடுகிறது.
ஆனால் அடுத்த ஊர் மீனோடு கலக்கமாட்டான்.
"இரண்டும் ஒன்றுபோலத்தானே" என்ற நண்பனிடம்
"சீட்டு வேறு" என்றான்,
அதற்குமேல் சொல்லத் தெரியாமல்.

பச்சைக் கம்பளி நூல் கொத்தாகத்
தக்கையில் தொங்குகிறது.
பெண் நுழைய, ஆண் பக்கத்தில் ஒட்டி நடுங்க,
ஒரு முட்டை.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
கரையோர வேரா, பிரித்த ஸ்வெட்டரா என்று
மீன் விசாரிப்பதில்லை.
ஸ்வெட்டரை மட்டும் யாரோ
மாடியில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மரப்பாலம் போன வருட வெள்ளத்தில் போய்விட்டது.
தடி லாரிகளுக்காக
இருநூறு அடி தள்ளிக் கான்கிரீட் போட்டார்கள்.
மூன்றாம் கிலோமீட்டர் இனி எங்கிருந்து?
லுபோமிருக்கு யாரும் எழுதவில்லை.

நேற்று மூடியில் ஒரு விரல் இடைவெளி.
காலையில் வாஷிங் மெஷின் அடியில்
தோல்துண்டுபோல் விறைத்து ஓர் ஆண்,
முதுகில் பஞ்சுத்தூசி.
எடுத்து நீரில் விட்டான்.
மல்லாந்தது. செவுள் ஒருமுறை அசைந்ததா,
தண்ணீர்தான் அசைந்ததா.
ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

அங்கே மெங்குவே முதுகுக் கூடையோடு பின்னால் வர
அயிங்கோன் கரையேறினாள்.
கவிழ்த்ததில் தெறித்த ஒன்று
சேற்றில் துள்ளியது, ஒருமுறை, இன்னொருமுறை.
அவள் குதிகால் அழுந்திய குழியில்
பழுப்பு நீர் ஊறிக்கொண்டிருந்தது.
மூன்றாம் துள்ளலில் அதற்குள் விழுந்தது.
மெங்குவே அந்தக் குழியை மிதிக்காமல் தாண்டினாள்,
வழுக்கும் என்று.